இடத்துக்குக் காசா, வந்த நாளுக்குக் காசா? ஒரு வீட்டு டே கேரின் லீவு விதிகள்: விமர்சனம்

தென்சென்னையில் 8 குழந்தைகளை வைத்து நடக்கும் ஒரு வீட்டு டே கேர். காலை 8 முதல் மாலை 6 வரை, திங்கள் முதல் சனி, மாதம் 9,000 ரூபாய். சேரும்போதே ஒரு ஏ4 தாளில் கட்டண விதிகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாவற்றையும் பெற்றோர் ஒரே வாரத்தில் எடைபோட்டுவிடுவார்கள். லீவு விதி எப்படி என்பது குழந்தை முதல்முறை பத்து நாள் ஊருக்குப் போய் வந்த பிறகுதான் தெரியும். பல வீட்டு டே கேர்களில் மனக்கசப்பு தொடங்குவதும் அங்கேதான்.

முதலில் பாராட்ட வேண்டியது. இந்தத் தாள் 9,000 ரூபாயை ஒரே மொத்தமாகச் சொல்லவில்லை. இடக் கட்டணம் 7,500, சாப்பாடு 1,500 என்று பிரித்திருக்கிறது. குழந்தை வராவிட்டால் சாப்பாட்டுப் பணத்தில் மட்டும் கழிவு உண்டு, இடக் கட்டணத்தில் கிடையாது (15 நாளுக்கு மேல் வராத மாதம் மட்டும் விதிவிலக்கு, அது பின்னால்). இந்த ஒரு கோடு போட்டதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. "குழந்தை பத்து நாள் வரவே இல்லையே, எதுக்கு முழு ஃபீஸ்?" என்று கேட்கும் பெற்றோருக்கு, பள்ளிக்கூட வேனில் போகாத நாளுக்கு யாரும் காசு திருப்பித் தருவதில்லை என்று வாதம் செய்யத் தேவையில்லை. தாளைக் காட்டினால் போதும்.

ஏன் இடத்துக்குக் காசு வாங்கியாக வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். இந்த அளவு வீட்டில் மாத வரவு 72,000. ஆயா சம்பளம் 14,000, மதியம் வரை வந்துபோகும் சமையல் உதவிக்கு 6,000, சாப்பாட்டுச் சாமான் 12,000, வாடகையில் டே கேரின் பங்கும் மின்சாரமும் 8,000, பினாயில், டிஷ்யூ, உடைந்த பொம்மைகள் என்று 3,000. ஆக 43,000 செலவு. கையில் நிற்பது 29,000. அதுதான் நடத்துபவரின் சம்பளம்.

இப்போது வந்த நாளுக்கு மட்டும் காசு என்று வைத்துக்கொள்வோம். 9,000-ஐ 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 346. ஒவ்வொரு குழந்தையும் மாதம் சராசரியாக 4 நாள் வரவில்லை என்றால் மொத்தம் 32 நாள், 11,072 ரூபாய் போச்சு. மிச்சமாவது எவ்வளவு? ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 58 ரூபாய் வீதம் 1,850 அளவுக்கு. ஆயாவுக்கு எத்தனை குழந்தை வந்தாலும் ஒரே சம்பளம்தான், ஆறு பேர் வந்தால் முக்கால் சம்பளம் என்று கொடுக்க முடியாது. 29,000 என்பது 20,000-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது போல. அதனால் தினக் கணக்கில் வாங்கும் டே கேர் மலிவாகத் தெரிந்தாலும், வருஷம் முடிவதற்குள் ஒன்பதாவது, பத்தாவது குழந்தையைச் சேர்த்துத்தான் அந்த ஓட்டையை அடைப்பார்கள். பெற்றோர் மிச்சம் பிடித்த 346 ரூபாய்க்கு, குழந்தைக்குக் கிடைக்கும் கவனத்தில்தான் விலை போகும்.

கழிவு எப்போது தொடங்கும் என்பதில் தாள் தடுக்கி விழுகிறது. "தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு 50 ரூபாய் கழிவு, 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்" என்கிறது. 50 என்பது கொஞ்சம் குறைவு. 1,500-ஐ 26-ஆல் வகுத்தால் 57.69 வருகிறது, 60 என்று போட்டிருக்கலாம். பெரிய தவறு அந்த 24 மணி நேரம். காய்ச்சல் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டு வருவதில்லை.

சமையலறையிலிருந்து பார்த்தால் சரியான நேரம் தானே கிடைத்துவிடும். இட்லி மாவு இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைப்பது, அதில் ஒரு குழந்தை குறைந்தால் ஒன்றும் மாறாது. பால் பாக்கெட், காய், முட்டை, பழம் ஆகியவற்றுக்கு முந்தின நாள் இரவு 8 மணிக்குள் தெரிந்தால் போதும். ஆகவே ஊருக்குப் போவது, கல்யாணம், காதுகுத்து போன்றவற்றுக்கு முந்தின இரவு 8 மணி. உடம்பு சரியில்லை என்றால் அன்று காலை 7 மணி, அதாவது குக்கர் வைக்கும் முன். இந்த இரண்டு நேரத்தையும் தாளில் எழுதி, வாட்ஸ்அப் செய்திதான் சாட்சி, போனில் சொன்னது கணக்கில் வராது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். காலையில் கதவைத் திறந்துகொண்டே கேட்ட போன் பேச்சு மாதக் கடைசியில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும்.

அடுத்தது 15 நாள் விதி. நம் பார்வையில் இந்தத் தாளின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். "ஒரு மாதத்தில் 15 நாளுக்கு மேல் வராவிட்டால் பாதிக் கட்டணம்." படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 13 வேலை நாள் மதுரைக்குப் போகவிருந்த குடும்பத்துக்கு இந்த விதி என்ன சொல்கிறது? 13 நாளில் திரும்பினால் 11 நாளுக்கு 50 வீதம் 550 ரூபாய் கழிவு. இன்னும் மூன்று நாள் தாத்தா வீட்டில் விட்டுவைத்தால் 4,500 ரூபாய் கழிவு. யாராக இருந்தாலும் மூன்று நாள் நீட்டத்தான் செய்வார்கள். படிக்கட்டு மாதிரி ஒரே இடத்தில் சரேலென்று இறங்கும் எந்தக் கழிவும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும்.

"ஒரு மாதத்தில்" என்ற சொல் இன்னொரு பக்கம் வெட்டுகிறது. டிசம்பர் 17-ல் கிளம்பி ஜனவரி 10-ல் திரும்பும் குழந்தைக்கு வராத வேலை நாள் இருபது அளவுக்கு ஆகிவிடும். ஆனால் டிசம்பரிலும் 15 தாண்டவில்லை, ஜனவரியிலும் தாண்டவில்லை. பாதிக் கட்டணம் இரண்டு மாதத்திலும் இல்லை. அதே இருபது நாள் பிப்ரவரிக்குள் அடங்கியிருந்தால் கிடைத்திருக்கும். அந்தப் பெற்றோர் சண்டை போட்டால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இதைச் சரிசெய்யப் படிக்கட்டை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட வேண்டும். காலண்டர் மாதம் வேண்டாம், தொடர்ந்து வராத வேலை நாள்களை எண்ணுங்கள். முதல் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை நாளுக்கு 60, பதினோராம் நாளிலிருந்து நாளுக்கு 120. ஒரு மாதம் முழுக்க, அதாவது 26 நாள், வராத குழந்தைக்கு 600-ம் 1,920-ம் சேர்த்து 2,520 கழிவு; கட்டுவது 6,480. மூன்று நாள் நீட்டினால் 360 ரூபாய்தான் கூடும், அதற்காக யாரும் ரயில் டிக்கெட்டை மாற்ற மாட்டார்கள்.

மே மாதத்தில் பாதிக் கட்டண விதி டே கேரையே படுக்க வைத்துவிடும். எட்டுக் குழந்தையில் நாலு பேர் மே முழுக்க ஊரில் இருந்து பாதிப் பணம் கட்டினால் வரவில் 18,000 குறையும், சாப்பாட்டில் 6,000 மிச்சமாகும், நிகர நஷ்டம் 12,000. பெற்றோரில் ஆசிரியர்கள் அதிகமாக இருக்கும் டே கேர் என்றால் நாலு ஆறாகிவிடும். மேலே சொன்ன சாய்தளக் கணக்கில் அதே நாலு பேருக்கு நிகர நஷ்டம் 4,080-தான்.

பாதிக் கட்டணச் சலுகையைக் கொடுத்தே தீருவேன் என்னும் டே கேர்களுக்கு ஒரு வழி உண்டு. அந்த மாதத்துக்கு இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுக்கப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். கோடையில் பள்ளி விடுமுறையில் இருக்கும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இடம் தேடி அலைபவர்கள் நிறைய. மார்ச் 1-க்குள் சொன்னால், வரிசைப்படி முதல் இரண்டு பேருக்கு மட்டும் இந்தச் சலுகை என்று வைக்கலாம். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்றரை வயதுக் குழந்தை மதியம் 1 மணிக்குத் தூங்கும்போது ஆறு வயதுப் பையன் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருப்பான். அவனுக்குத் தனி அறையும் தனி ஆளும் இல்லாத வீட்டில் மூன்றாவது பெரிய பிள்ளை வந்தால் யாரும் தூங்கப்போவதில்லை. கோடைக்கு வரும் பிள்ளைக்கு மே 31 கடைசி நாள் என்று சேரும்போதே எழுதி வாங்க வேண்டும். "இங்கயே நல்லா செட்டாயிட்டான், ஸ்கூல் விட்டு வந்ததும் இங்கயே இருக்கட்டுமே" என்ற வேண்டுகோள் ஜூன் முதல் வாரம் நிச்சயம் வரும்.

பிடித்து வைத்த இடத்துக்கே திரும்பி வராதவர்களைப் பற்றித் தாள் வாயே திறக்கவில்லை. மே மாதம் பாதி கட்டிவிட்டு, ஜூன் 3-ஆம் தேதி "அவங்க பாட்டி இங்கயே வந்துட்டாங்க" என்று ஒரு செய்தி. இடத்தைக் காலியாக வைத்து, காத்திருந்த வேறு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியதுதான் மிச்சம். பாதிக் கட்டணம் என்பது திரும்பி வருவதற்கான சலுகை. வராவிட்டால் மிச்ச 4,500 அட்வான்ஸில் கழிக்கப்படும் என்று ஒரு வரி போதும்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாதக் கட்டணம் அட்வான்ஸ், விலக ஒரு மாத நோட்டீஸ், சொல்லாமல் நின்றால் அட்வான்ஸ் கிடையாது என்கிறது தாள். நடைமுறையில் இது சரி. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. நின்ற மறுநாளே காத்திருப்போர் பட்டியலிலிருந்து இன்னொரு குழந்தை வந்து உட்கார்ந்துவிட்டால், 9,000-மும் எனக்கே என்று நிற்பது கடினம். "இடம் காலியாக இருந்த நாள் அளவுக்கு, அதிகபட்சம் ஒரு மாதம்" என்று எழுதினால் இரண்டு தரப்புக்கும் உறுத்தாது.

இனி நோய். லீவு விதியில் பணத்தைவிடப் பெரிய சமாசாரம் இதுதான். கட்டண விதி எப்படி இருந்தாலும் அது யாரோ ஒருவரைக் காய்ச்சல் குழந்தையை உள்ளே அனுப்பும் பக்கம் தள்ளும். மாதக் கட்டணத்தில் பெற்றோரைத் தள்ளும்: காசு கட்டியாச்சு, ஆபீஸில் லீவு இல்லை, காலை 7 மணிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் 8 மணிக்கு உடம்பு சுடாது, 12 மணிக்குத்தான் மறுபடி ஏறும். தினக் கட்டணத்தில் நடத்துபவரைத் தள்ளும்: திருப்பி அனுப்பினால் 346 ரூபாய் போகுமே என்று, ஒழுகும் மூக்கையும் சிவந்த கண்ணையும் பார்த்தும் பார்க்காமல் உள்ளே விடுவார். பின்னது இன்னும் ஆபத்து. வாசலில் தடுக்க வேண்டிய ஆளுக்கே தடுத்தால் நஷ்டம்.

இந்தத் தாளில் நோய்க்கென்று தனி விதி இல்லை. ஊருக்குப் போன லீவும் காய்ச்சல் லீவும் ஒன்றுதான், மூன்றாம் நாளிலிருந்துதான் கழிவு. அது தவறு. விதி இப்படி இருக்க வேண்டும்: மருந்து கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால்தான் உள்ளே. அம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை. தக்காளிக் காய்ச்சல் என்று பலரும் சொல்லும் கை கால் வாய் நோய்க்குக் காய்ச்சல் நின்று கொப்புளம் காயும் வரை. மெட்ராஸ் ஐ வந்தால் கண்ணில் நீரும் பீளையும் நிற்கும் வரை. இப்படி டே கேரே "வர வேண்டாம்" என்று சொல்லும் நாள்களுக்குச் சாப்பாட்டுக் கழிவு முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். "நீங்களே வராதீங்கன்னு சொல்லிட்டு, சாப்பாட்டுக்கும் காசு எடுக்கறீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது, ஏனென்றால் கேள்வி நியாயமானது. 60 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது திரும்பி வருகிறது என்றால் காலையில் சிரப் ஊற்றி அனுப்பும் கை ஒரு நொடி தயங்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தைக்கு வேறு கணக்கு வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினால் எட்டாம் நாளிலிருந்து இடக் கட்டணத்திலும் பாதி கழிவு. இது அபூர்வமாக வருவது, டே கேர் தாங்கும். தாங்க வேண்டும். டெங்குவில் படுத்த குழந்தையின் அம்மாவிடம் முழுக் கட்டணம் கேட்டு வாங்கிய டே கேரின் பெயர் அந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எப்படி ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே வாரத்தில் மூன்று குழந்தைக்கு மேல் கை கால் வாய் நோய் வந்து டே கேரையே இரண்டு நாள் மூடிக் கழுவினால், அது குழந்தையின் லீவு இல்லை, டே கேரின் லீவு.

அந்த டே கேரின் லீவு பற்றித்தான் தாள் முழுக்க மௌனம். பெற்றோரின் லீவுக்கு ஆறு விதி, தன் லீவுக்கு ஒரு விதியும் இல்லை. "பண்டிகை நாள்களில் விடுமுறை" என்ற ஒரே வரியில் எத்தனை பண்டிகை? பொங்கலுக்கு மூன்று நாளா நாலா? ஆயுத பூஜையும் விஜயதசமியும் இரண்டா ஒன்றா? ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் அரசு விடுமுறைப் பட்டியலில் பாதிகூடக் கிடையாது. தமிழ்ப் புத்தாண்டு அன்று அலுவலகம் உண்டு, டே கேர் இல்லை என்று முந்தின நாள் தெரிந்தால் அந்தத் தாய் என்ன செய்வார்? ஜனவரி முதல் வாரம் தேதி போட்ட பட்டியல் கொடுக்க வேண்டும். ரம்ஜான், பக்ரீத் இரண்டும் பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும் என்று அடிக்குறிப்பு. பட்டியலில் உள்ள நாளுக்குக் கழிவு இல்லை, மாதக் கட்டணத்திலேயே அது அடங்கிவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். நடத்துபவருக்கு உடம்பு சரியில்லாமல் மூடினால் வருஷத்துக்கு மூன்று நாள் வரை கழிவு இல்லை, அதற்கு மேல் நாளுக்கு 346 முழுசாகக் கழிவு. இங்கே 60 ரூபாய் கணக்கு செல்லாது. கொடுக்காத சேவைக்கு இடக் கட்டணம் கேட்க முடியாது.

மழைக்குத் தனியாக எழுத வேண்டும். சென்னையில் நவம்பர், டிசம்பரில் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார். வீட்டு டே கேருக்கு அது பொருந்துமா என்ற விவாதம் காலை 6 மணிக்கு வாட்ஸ்அப்பில் நடக்கும். டே கேர் திறந்திருந்து பெற்றோர் அனுப்பாவிட்டால் சாதாரண லீவு. டே கேர் மூடினால் வருஷத்துக்கு மூன்று நாள் வரை சாப்பாட்டுக் கழிவு மட்டும், நாலாம் நாளிலிருந்து நஷ்டம் பாதிப் பாதி, அதாவது நாளுக்கு 173. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியவே நாள் கணக்கில் ஆனது. மூன்று நாளோடு முடியும் என்று எண்ணி விதி எழுத முடியாது. நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் முணுமுணுத்தபடியே ஒத்துக்கொள்வார்கள்.

"வராத நாளுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை அனுப்பலாமா?" என்று சிலர் கேட்பார்கள். தாள் இதை மறுத்திருக்கிறது, சரியான மறுப்பு. திங்கள் முதல் சனி வரை எல்லா நாளும் ஏற்கெனவே கட்டணத்தில் அடங்கியவை; ஈடு நாள் என்றால் மூடியிருக்கும் ஞாயிறு அன்று ஒரு குழந்தைக்காகத் திறக்க வேண்டும்.  புதிதாகச் சேரும் குழந்தைக்கு முதல் மாதம் கழிவே இல்லை என்றும் சொல்கிறது. புதிதாகச் சேர்ந்த குழந்தை முதல் சில மாதம் சளி, காய்ச்சல் என்று அடிக்கடி விழும் என்பதால் டே கேர் பக்கம் இது புரிகிறது, ஆனால் பதிலுக்கு அந்த முதல் மாதத்தில் நோட்டீஸ் இல்லாமல் விலகும் உரிமையையும் பெற்றோருக்குக் கொடுத்திருக்கலாம்.

கழிவுக் கணக்கே வேண்டாம், தலைவலி என்று நினைக்கும் டே கேர்களுக்கு ஒரு மாற்று: வருஷத்துக்கு 10 நாள் லீவு வரவு. அந்த 10 நாளுக்கு முழுசாக 346 கழிவு, அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. எட்டுக் குழந்தைக்கு வருஷத்தில் 27,680 ரூபாய் ஆகிறது. 12 மாதத்துக்கு எட்டுப் பேர் மேல் பரப்பினால் தலைக்கு மாதம் 288. கட்டணத்தை 9,300 ஆக்கிவிட்டு வரவைக் கொடுத்தால் நடத்துபவருக்கு நஷ்டம் இல்லை. பெற்றோருக்கும் உண்மையில் லாபம் இல்லை, தன் காசுதான் திரும்பி வருகிறது, ஆனாலும் திரும்பி வரும் காசுக்கு ஒரு ருசி உண்டு. பயன்படுத்தாத வரவு அடுத்த வருஷத்துக்குப் போகாது என்று எழுத மறந்தால் இரண்டாம் வருஷம் 20 நாள் கேட்பார்கள்.

கணக்கு எழுதும் முறையில் தாள் நன்றாகவே செய்திருக்கிறது. கட்டணம் 5-ஆம் தேதிக்குள் முன்பணமாக, கழிவு அடுத்த மாத பில்லில். ரொக்கமாகத் திருப்பித் தருவதில்லை. இதுதான் சரி, ஏனென்றால் 120 ரூபாயைத் திருப்பி அனுப்புவதும் அதைச் சரிபார்ப்பதும் எட்டுப் பேருக்கு ஒரு மாலை வேலை. வருகைப் பதிவேட்டில் "வரவில்லை" என்று வெறும் பெருக்கல் குறி போடும் பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். லீவுக்கு "லீ", காய்ச்சலுக்கு "கா", டே கேர் மூடியதற்கு "மூ", மழைக்கு "ம" என்று நாலு எழுத்து. மூன்று விதமான கழிவு இருக்கும்போது ஒரே குறி போட்டால் மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பை மேலே மேலே தள்ளித் தேட வேண்டிவரும். கடைசி வேலை நாள் மாலை அந்தப் பக்கத்தில் அவரவர் வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிவிட வேண்டும். முழுப் பக்கத்தையும் அனுப்பினால் யார் குழந்தைக்கு என்ன காய்ச்சல் என்பது ஊருக்கே தெரியும்.

இப்போதிருக்கும் நிலையில் தாளுக்கு ஐந்தில் மூன்று. பிரித்த கட்டணத்துக்காகவும் பில் முறைக்காகவும் அந்த மூன்று. இங்கே சேர்க்க நினைக்கும் பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: தேதி போட்ட விடுமுறைப் பட்டியல், நடத்துபவர் மூடினால் கழிவு எவ்வளவு, காய்ச்சல் என்று காலை 7 மணிக்குச் சொன்னால் கழிவு உண்டா. மூன்றாவதற்கு "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், அதையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதக் கையெடுத்ததும் ஒரு தொகை தானாக வந்துவிடும்.